கப்பல் அடித்தட்டில் தண்ணீர் பாய்ச்சினோம்

எங்கள் ஊரில் தண்ணீர் கிணற்றுக்கு அடியில் கிடக்கும். எட்டிப் பார்த்தால் நம் மூஞ்சியைக் காட்டும். இறைத்தால் மேலே வரும், இறைக்காவிட்டால் கம்மென்று அங்கேயே கிடக்கும். இப்படிப்பட்ட மரியாதையான தண்ணீரோடு மீசை முளைக்கிற வரைக்கும் பழகியவன் நான். நாகப்பட்டணத்துக் கடற்கரையில், கூப்பிடாமலே ஓடி வந்து காலைக் கட்டிக்கொண்ட தண்ணீரைப் பார்த்ததும் அலறிக்கொண்டு பின்வாங்கினேன். பின்னால் யாரோ வைத்திருந்த மண்சட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன். சட்டி உடைந்தது. கடல் பயணத்தில் என் முதல் சாதனை அது.

எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். சிரிப்பு வருகிற இடங்களில் நன்றாக எழுதுகிறாள். மற்ற இடங்களில் நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கிறாள்.

கப்பலேறியது நாங்கள் மூன்று பேர். என் கூடப் பிறந்த அக்கா, அக்கா வீட்டுக்காரர், நான். அவரை மாமா என்று கூப்பிடுவேன். நாமக்கல்லுக்கு மேற்கே கல்லும் கரடுமான பக்கம் எங்கள் ஊர். அங்கே மாமா ஒரு தோட்டத்தைக் குத்தகைக்கு ஓட்டினார். கிணற்றில் கவலை ஏற்றம். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: இரண்டு மாடு, ஒரு வடம், வடத்தின் நுனியில் கிணற்றுக்குள் தொங்கும் பெரிய தோல் பறி. மாடுகள் சரிவில் பின்பக்கமாக நடந்து ஏறினால் பறி கிணற்றுக்குள் இறங்கும். முன்பக்கமாக இறங்கினால் பறி தண்ணீரோடு மேலே வந்து வாய்க்காலில் கொட்டும். செவலை, மயிலை என்ற இரண்டு மாட்டையும் ஓட்டுவது நான். இறங்கும்போது எடைக்காக வடத்தின்மேல் குந்திக்கொள்ள வேண்டும். என்னை வேலைக்கு வைத்ததே அந்த எடைக்காகத்தான், மூளைக்காக இல்லை என்று மாமா எல்லோரிடமும் சொல்லுவார்.

அவர் காட்டுக்குள், பயிர் நிற்கும் நிலத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பேர், மண்வெட்டியோடு நின்று மடை மாற்றுவார். ஒரு பாத்தி நிரம்பியதும் அடுத்ததற்குத் திருப்பிவிட்டு, "மாத்தியாச்சு!" என்று ஒரு சத்தம் கொடுப்பார். சோளம் ஆளுயரம் வளர்ந்துவிட்டால் நாங்கள் ஒருவரையொருவர் பார்க்கவே முடியாது. பொழுதெல்லாம் நான் ஒரு குரல், அவர் ஒரு குரல், அவ்வளவுதான். சாயங்காலம் "அவுத்துடு!" என்று வரும். அதற்கு முன்னால் மாட்டை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் வாய்க்காலில் போகிற தண்ணீரைப் பாதி வழியிலேயே மண் குடித்துவிடும், கடைசிப் பாத்தி காய்ந்து நிற்கும். போதும் என்பது காட்டுக்குள் நிற்பவருக்குத்தான் தெரியும். அந்த வார்த்தை காதில் விழுந்தால் மாடு இரண்டும் தானாக நின்றுவிடும். நானும்தான்.

கடைசிப் பாத்தி, மூலைப் பாத்தி. அதில் அவர் எதையும் நட்டதில்லை. பிறந்து கொஞ்ச நாளே இருந்த அவர்கள் குழந்தையை அங்கேதான் புதைத்திருந்தது. எல்லாப் பாத்திக்கும் பாய்ச்சிவிட்டு, கடைசியாக அந்த வெறும் மண்ணுக்கும் மடை திருப்பிவிட்டுத்தான் மாமா "அவுத்துடு" என்பார். இதைப் பற்றி யாரும் பேசமாட்டோம். பேசாமல் இருக்கத் தெரிந்த ஒரே விஷயம் எனக்கு அதுதான்.

மழை பொய்த்தது. கிணற்றில் பறி கல்லில் இடிக்கத் தொடங்கியது. மாடு சந்தைக்குப் போனது, தோட்டம் வேறு ஆளுக்குப் போனது. கடல் தாண்டிப் பினாங்குக்கு அந்தப் பக்கம் ரப்பர்த் தோட்டம் இருக்கிறது, அங்கே தினமும் மழை என்று ஆள் சேர்க்கிற கங்காணி ஒருவர் வந்து சொன்னார். தினமும் மழை என்ற சொல்லைக் கேட்டதும் மாமா எழுந்து நின்றுவிட்டார். சம்பளம் எவ்வளவு என்று கேட்கவே இல்லை.

நாகப்பட்டணத்தில் கூலிக்குப் போகிறவர்களை அடைத்துவைக்கும் டிப்போவில் கப்பலுக்குக் காத்துக் கிடந்தபோதே மாமாவுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று மறைத்தார். டாக்டர் பார்க்கும் அன்று தலையில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு நின்றார். டாக்டர் என்னைத்தான் சந்தேகமாகப் பார்த்தார். பயத்தில் என் மூஞ்சி அப்படி இருந்ததாம்.

கப்பலில் எங்களுக்கு அடித்தட்டு. பாய்க்குப் பாய் ஒட்டிப் படுத்திருந்தோம். முதலில் கடல் சாதுவாகத்தான் இருந்தது. பிறகு காற்று மாறியது. கப்பல் வேலையாட்களான கலாசிகள் ஓடி வந்து மேலே திறப்புகளையெல்லாம் பலகை போட்டு மூடி, தார்ப்பாயை இழுத்துக் கட்டினார்கள். தீப்பிடிக்கும் என்று விளக்கையும் எடுத்துக்கொண்டு போனார்கள். பட்டப்பகலில் கிணற்றுக்குள் மூடி போட்ட மாதிரி இருட்டு. பகல் என்பதே கஞ்சி வருவதை வைத்துத்தான் தெரியும். கஞ்சி போன வழியே திரும்பி வந்துவிடும், அது வேறு.

அந்த இருட்டில் பொழுது போக வேண்டுமே. சிலர் பஜனை பாடினார்கள். சிலர் இடத்துக்காகச் சண்டை போட்டார்கள். மூலையில் ஒரு கூட்டம் புளியங்கொட்டை வைத்துத் தடவித் தடவி ஆடியது. கப்பல் சாய்ந்தால் கொட்டைகள் உருண்டுபோய் வேறு ஊர்க்காரர் மடியில் சேர்ந்துவிடும். அவர் அதை வறுக்காமலே தின்றுவிட்டார் என்று ஒரு பஞ்சாயத்து. நான் வாந்தி எடுத்தேன். எனக்குத் தெரிந்த பொழுதுபோக்கு அது ஒன்றுதான்.

அப்போது ஆத்தூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் தவறிப்போனார். கலாசிகள் சாக்கில் சுற்றி, இரும்பைக் கட்டி, மேலே தூக்கிப் போனார்கள். கொஞ்ச நேரத்தில் வெறுங்கையோடு வந்தார்கள். அவ்வளவுதான். தண்ணீரில் விழுந்த சத்தம்கூட எங்களுக்குக் கேட்கவில்லை. கடலில் செத்தால் கடலிலேதான் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

மாமா இருட்டில் என் கையைத் தேடிப் பிடித்தார். கை அடுப்பாகச் சுட்டது.

"மாப்ள, என்னையத் தண்ணியில போட்றாதீங்கடா. இத்தன வருசம் மண்ணக் கொத்தித் திருப்பிப் போட்டதே, ஒரு நாளு அதுக்குள்ள போய்ப் படுக்கோணும்னுதான். புள்ள ஊர்ல மண்ணுக்குள்ள கெடக்குது. நான் தண்ணிக்குள்ள கெடந்தா, எப்படிடா நாங்க பாத்துக்கறது?"

"என்ன மாமா பேச்சு இது. கரைக்குப் போனா தெனமும் மழைங்கறாங்க."

"நீ கம்முனு இரு சாமி," என்றாள் அக்கா என்னிடம். பிறகு அவரிடம், "கரை வார வரைக்கும் தாட்டிருங்க. அப்பறம் உங்க இஷ்டம்," என்றாள். அதட்டுகிற மாதிரித்தான் சொன்னாள். எங்கள் வீட்டில் கெஞ்சுவதெல்லாம் அதட்டலாகத்தான் வெளியே வரும்.

அவர் கரை வரைக்கும் தாங்க வேண்டும். பினாங்கில் செத்தாலும் பரவாயில்லை, மண் கிடைக்கும். எங்கள் பிரார்த்தனை அவ்வளவுக்கு இறங்கிப்போய்விட்டது.

அந்த நேரத்தில் கப்பல் பின்பக்கமாக மேலே ஏறியது. ஏறி, ஒரு மூச்சு நின்று, முன்பக்கமாகக் கீழே இறங்கியது. மறுபடியும் பின்னால் ஏறியது. எனக்கு வயிற்றுக்குள் ஏதோ ஞாபகம் வந்தது. மண்டையை விட என் வயிற்றுக்குத்தான் ஞாபகசக்தி அதிகம்.

"மாமா, நம்ம மாடாட்டவே போகுது பாருங்க. பின்னால ஏறுது, முன்னால எறங்குது."

மாமா கொஞ்ச நேரம் கப்பலைக் கவனித்தார். பிறகு இருட்டில் ஒரு சிரிப்புச் சத்தம். "அப்ப நீ வடத்து மேல குந்தியிருக்கற. உழுந்துறாத."

"உழுந்தா கெணத்துல தண்ணி இருக்குதுங்க. இந்த வாட்டி நெம்பவே இருக்குது."

கப்பல் இறங்கும்போது நான் மாடு ஓட்டும் குரலில் கத்தினேன். "ஏ செவலை! உன்ற மாமியார் ஊட்டுக்கா போற, இப்படி நடக்கற? எறங்குடா!" அடித்தட்டில் எங்கோ ஒரு குழந்தை சிரித்தது. கப்பல் ஏறியது, இறங்கியது. நான் செவலையைத் திட்டினேன், மயிலையின் பரம்பரையைத் திட்டினேன். சில பறி கொட்டியதும் பக்கத்திலிருந்து, காட்டுக்குள்ளிருந்து வருகிற அதே குரல்: "மொளகா முடிஞ்சுது. வெங்காயத்துக்கு மாத்தியாச்சு!"

முதலில் எல்லோரும் எங்களை வைதார்கள். "கெரகம், இங்க உசுரு போகுது, இவனுக மாடு ஓட்டறானுகளாம்." பிறகு தம்மம்பட்டிக்காரர் ஒருவர் இருட்டிலிருந்து மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்க, வாய்க்கா இந்தப் பக்கந்தானுங்களே போகுது? நம்ம கம்புக்கும் ரெண்டு பறி உடுங்க."

"உப்புத் தண்ணீங்க. பயிரு கருகிப்போயிரும்."

"எங்கூர்க் கெணறும் உப்புத்தானுங்க. உடுங்க, பாத்துக்கலாம்."

கெங்கவல்லிப் பக்கத்து அம்மா ஒருத்தி தன் சுரைக்கொடிக்குக் கேட்டாள். யாரோ பருத்திக்குக் கேட்டார்கள். மாமா எல்லோருக்கும் மடை திருப்பினார். எந்தப் பாத்திக்குப் பின் எது என்று மறக்கவே இல்லை. காய்ச்சலில் என் பெயரை மறந்தார், அக்காவைத் தன் அம்மா என்று நினைத்தார், ஆனால் வெங்காயத்துக்கு அடுத்தது ராகி, ராகிக்கு அடுத்தது சோளம். வெளியே கடல் கப்பலின் இரும்பை இடித்தது. உள்ளே அத்தனை ஊர்க் காடும் நனைந்தது. அப்படித்தான் எங்களுக்குப் பொழுது போனது.

ஒரு விஷயத்தை நான் மெதுவாகத்தான் கவனித்தேன். அக்கா எனக்கு முன்னாலேயே கவனித்திருந்தாள். சோளம் முடிந்ததும் மூலைப் பாத்திதான் வர வேண்டும். மாமா அங்கே போகவே இல்லை. ஒவ்வொரு முறையும் சோளம் நிரம்பியதும் கொஞ்சம் தயங்கி, "மறுக்கா மொளகாயில இருந்து வரலாம் மாப்ள," என்பார். நிரம்பிய பாத்திக்கே திரும்பத் திரும்பத் தண்ணீர். ஊரில் இப்படிப் பாய்ச்சியிருந்தால் பயிர் அழுகியிருக்கும். மூலைப் பாத்தி நனைந்தால் "அவுத்துடு" என்று சொல்ல வேண்டிவரும். அதனால்தான்.

"நீ ஓட்டிக்கிட்டே இருடா," என்று அக்கா என் காதில் சொன்னாள். "தொண்டை கட்டுனாலும் ஓட்டு. அவரு பதில் சொல்லிக்கிட்டே இருக்கட்டும்."

ஓட்டினேன். தொண்டையில் ரத்த ருசி வந்தது. திட்டுவதற்கு வார்த்தை தீர்ந்துபோய், கங்காணியைத் திட்டினேன், கப்பல்காரனைத் திட்டினேன், கடைசியில் என்னையே திட்டினேன். அதற்கு மட்டும் வார்த்தைக்குத் தட்டுப்பாடு இல்லை. மாமாவின் பதில் தூரமாகிக்கொண்டே போனது. என் தோளுக்குப் பக்கத்தில்தான் படுத்திருந்தார். ஆனால் குரல் சோளக்காட்டின் அந்தக் கடைசியிலிருந்து வருகிற மாதிரி வந்தது.

பிறகு ஒரு முறை, சோளம் முடிந்ததும், அவர் தயங்கவில்லை.

"மூலைக்குத் திருப்பியாச்சு."

அக்கா பாய்ந்து அவர் வாயைப் பொத்தியது எனக்குத் துணிச் சத்தத்தில் தெரிந்தது. "இல்ல. சோளமே இன்னும் நனையல. பாதி காஞ்சு நிக்குது, நல்லாப் பாருங்க."

"நனைஞ்சிருச்சு புள்ள," என்றார் மாமா. கோபமே இல்லாமல் சொன்னார்.

நான் மாட்டை விடவில்லை. கப்பல் ஏற ஏற, இறங்க இறங்க, கத்திக்கொண்டே இருந்தேன். அந்த வார்த்தை வந்துவிடக் கூடாது என்று இன்னும் சத்தமாகக் கத்தினேன். வரவில்லை. கஞ்சி வந்தது, மேலே பலகையைக் கொஞ்சம் விலக்கியதில் வெளிச்சம் விழுந்தது. அக்கா அவர் பாதத்தைத் தன் மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாமா கண் திறந்தபடி, மூலையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். எப்போது போனார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

கலாசிகள் வந்தார்கள். அக்கா கப்பல் கம்பவுண்டரின் காலைப் பிடித்தாள். கரை கிட்டத்தில்தானே, அதுவரை ஒரு ஓரமாக இருக்கட்டும் என்றாள். அவருக்கு எங்கள் பேச்சு பாதிதான் புரிந்தது. புரிந்த பாதிக்கே கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் சரி என்று தலையை ஆட்டவில்லை.

மேலே போனோம். நிற்க முடியாமல் ஒரு கயிற்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, நடுக்கடலை முதல்முறையாகப் பார்த்தேன். வாய்க்கால் இல்லை, வரப்பு இல்லை, மடை இல்லை. இத்தனை தண்ணீரை வைத்துக்கொண்டு ஒரு வெங்காயம் போட வழியில்லை. மாமா இருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பார் என்று சொல்ல அவர் பக்கம் திரும்பினேன். அவரைக் கிடத்தியிருந்த பலகை கடல் பக்கம் சாய்ந்திருந்தது. அதன்மேல் யாரும் இல்லை.

காற்று இன்னும் ஓயவில்லை. மறுபடி அடித்தட்டு, மறுபடி இருட்டு. மாமாவின் பாய் கிடந்த இடத்தில் இவ்வளவு நெருக்கடியிலும் யாரும் கால் நீட்டவில்லை. கப்பல் பின்னால் ஏறியது. முன்னால் இறங்கியது. என்னை அறியாமல் என் வாய் கத்தியது: "எறங்குடா செவலை!" கத்திவிட்டு, பதிலுக்குக் காது கொடுத்தேன். எல்லோரும் காது கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன். பஜனை நின்றுவிட்டது. குழந்தைகள்கூட அசையவில்லை.

"போதுங்க தம்பி," என்றார் தம்மம்பட்டிக்காரர். "நிறுத்திக்குங்க."

"நிறுத்தச் சொல்றதுக்கு நீங்க யாருங்க? காட்டுக்குள்ள நிக்கறவரு சொல்லோணும்."

நான் நிறுத்த நினைத்தேன், முடியவில்லை. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் முதுகு தானாகப் பின்னால் போனது, இறங்கும்போது வாய் திறந்தது. அக்காவைக் கெஞ்சினேன். "நீயாவது சொல்லுக்கா. அந்த ஒரு வார்த்தை. சொன்னா நின்னுருவேன்."

"நான் எப்படிடா சொல்றது?" என்றாள். "தண்ணி இன்னும் மூலைக்குப் போய்ச் சேருலயே."

பினாங்கில் இறங்கியதும் தரை ஏறி இறங்கியது. எல்லோருக்கும் அப்படித்தான், நாளானால் சரியாகிவிடும் என்றார்கள். எல்லோருக்கும் சரியானது. ரப்பர் மரத்தில் வெட்டு விழுந்து பால் சொட்டும்போதும் நான் ஒரு முறை முன்னால் சாய்வேன், ஒரு முறை பின்னால் சாய்வேன். கூட வேலை செய்தவர்கள் என்னைக் குடிகாரன் என்றார்கள். குடித்துப் பார்த்தேன். குடித்தால் நேராக நிற்க முடிந்தது. ஆனால் அதை வேலையாக வைத்துக்கொள்ள யாரும் சம்பளம் தரவில்லை.

ரப்பர் விலை சரிந்து ஆட்களைத் திருப்பி அனுப்பினபோது நாங்களும் திரும்பினோம். அந்த முறை கடல் எண்ணெய் மாதிரி அசையாமல் கிடந்தது. அக்கா வழியெல்லாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எந்த இடத்தைப் பார்த்தாள் என்று நான் கேட்கவில்லை. தண்ணீரில் இடம் ஏது.

ஊரில் மழை பெய்து கிணறு நிரம்பியிருந்தது. எங்கள் பழைய தோட்டத்திலேயே கூலிக்குச் சேர்ந்தோம். நான் பழையபடி மாட்டுக்குப் பின்னால். மடை மாற்றுவது அக்கா. புதிதாகக் குத்தகை எடுத்தவர் நல்ல மனிதர். அக்கா அவரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: மூலைப் பாத்தியில் எதுவும் பயிர் வைக்கக் கூடாது, தினமும் அதற்கும் தண்ணீர் விடுவேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. சரிங்க என்றார்.

அக்கா எல்லாப் பாத்திக்கும் "மாத்தியாச்சு" சொல்லுவாள். பொழுது சாய்ந்ததும் மட்டும் வாய் திறக்கமாட்டாள். மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு சரிவுக்கு நடந்து வந்து, மாட்டின் மூக்கணாங்கயிற்றைத் தானே பிடித்து நிறுத்துவாள். நான் அவளைப் பார்த்ததும் நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் அது நின்றதாகாது. வீட்டுக்குப் போய்ப் படுத்தாலும் கட்டில் ஏறி இறங்கும்.

"ஒருக்காச் சொல்லேன்," என்பேன்.

"அது அவரு வார்த்தை. அவரே சொல்லட்டும்."

சோளம் ஆளுயரம் நின்ற ஒரு சாயங்காலம். அக்கா உள்ளே எங்கோ இருந்தாள், தெரியவில்லை. நான் வழக்கம்போல மாட்டின் பரம்பரையைத் திட்டிக்கொண்டு, மாடுகளைப் பின்னால் ஏற்றினேன். ஏறி நின்ற மாடுகள் இறங்கவில்லை. தட்டினேன். வாலை முறுக்கினேன். இரண்டும் காதை நிமிர்த்திக்கொண்டு காட்டைப் பார்த்தபடி அப்படியே நின்றன. அந்தக் காலத்தில் செவலையும் மயிலையும் அந்த வார்த்தை காதில் விழுந்தால் எப்படி நிற்குமோ அப்படி.

சோளத்தட்டு சலசலத்தது. அக்கா ஓடி வந்தாள், முழங்கால்வரை சேறு.

"மாடு ஏண்டா நின்னுச்சு? நீ சொன்னியா?"

"இல்லக்கா. நீ?"

என் முகத்தைப் பார்த்தாள், மாட்டைப் பார்த்தாள், திரும்பிக் காட்டுக்குள் போனாள். நானும் பின்னால் போனேன். தைரியத்தில் இல்லை, தனியாக நிற்கப் பயந்து. மூலைப் பாத்தி வரப்பு மட்டத்துக்கு நிரம்பி நின்றது. அக்கா அதற்கு முன்னால் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தாள். தண்ணீருக்குள் கையை விட்டு, அடியில் மண்ணைத் தொட்டு, கையை அப்படியே வைத்திருந்தாள். கப்பலில் அவர் பாதத்தை வைத்திருந்த மாதிரி.

"மாட்டுக்குத் தண்ணி காட்டு, போ," என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. குரலில் அதட்டல் இல்லை. அதற்கு முன் அவளுக்கு அப்படிப் பேசத் தெரியும் என்றே எனக்குத் தெரியாது.

அன்றிலிருந்து அக்கா நன்றாகத் தூங்கினாள். மாடுகளும் நன்றாகத்தான் தூங்கின. அந்த "அவுத்துடு" அக்காவுக்குக் கேட்டிருக்கிறது, மாட்டுக்குக் கேட்டிருக்கிறது. அவர் கூப்பிட்டதே என்னைத்தான், மாட்டை ஓட்டினவனை. அந்த நேரம் பார்த்து நான் வாயைத் திறந்து கத்திக்கொண்டிருந்திருக்கிறேன் போலிருக்கிறது.

எனக்குக் கேட்கவில்லை. இதோ, மகள் எழுதிக்கொண்டிருக்கிறாள், நான் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன். கட்டில் பின்னால் ஏறுகிறது.